128 கேபி சிப்பில் குவாண்டம் தாங்கும் ஃபர்ம்வேர் கையொப்பம்: மொபைல் ஸ்டார்ட்டர் போர்டுக்கு எது பொருந்தும்?

குறிச்சி_போர்டு எழுதியது:

வணக்கமுங்க. பம்புசெட் மோட்டாரை செல்போன் வழியா ஆன், ஆஃப் பண்ணுற மொபைல் ஸ்டார்ட்டர் போர்டு செய்யுற சின்ன யூனிட்டுக்காகக் கேட்கிறேன். பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் பக்கத் தோட்டங்களுக்குப் போற அதே போர்டு, இப்ப ஒரு ஐரோப்பிய பம்பு கம்பெனிக்கும் போகப் போகுதுங்க. அவங்க கேள்வித்தாள்ல ஒரு வரி: "கருவியின் ஆயுள் 12 ஆண்டு. அதற்குள் குவாண்டம் கணினி வந்தால் ஃபர்ம்வேர் புதுப்பிப்பை எப்படிப் பாதுகாப்பீர்கள்?" (ஃபர்ம்வேர்னா சிப்புக்குள்ள ஓடுற நிரல். அதோட டிஜிட்டல் கையொப்பத்தைப் போலியாப் போட முடிஞ்சா, யாரும் போலி நிரலை ஏத்திரலாம்னு அவங்க பயம்.)

இப்ப இருக்கிற அமைப்பு: எஸ்டிஎம்32எஃப்103சிபி சிப், 128 கேபி ஃப்ளாஷ், 20 கேபி ரேம், 72 மெகாஹெர்ட்ஸ். பூட்லோடர் (ஆன் ஆனதும் கையொப்பத்தைச் சரிபார்த்து ஃபர்ம்வேரை ஓட்டுற சின்ன நிரல்) 16 கேபி, அதுக்கு மேல ஃபர்ம்வேர் வைக்க 56 கேபி வீதம் ரெண்டு ஸ்லாட். ஃபர்ம்வேர் 44 கேபி வருது. 2ஜி மாட்யூல் வழியா ஓடிஏ, அதாவது தொலைவுல இருந்தே புதுப்பிப்பு. கையொப்ப முறை பி-256 ஈசிடிஎஸ்ஏ, கையொப்பம் 64 பைட், கோப்போட கடைசில ஒட்டியிருக்கு.

கேட்க வந்தது இதுதாங்க. நீளமான சாவி உள்ள ஆர்எஸ்ஏ-4096 கையொப்பத்துக்கு மாறினாப் போதுமா? இல்லைன்னா இந்தச் சிப்புலயே ஓடுற மாதிரி எது இருக்குது? சர்வர் பக்கம் என்ன மாத்தணும்? குவாண்டம் சாவிப் பரிமாற்றப் பெட்டின்னு (ஒளித்துகள் வழியா ரகசியச் சாவி அனுப்புற கருவி) ஒண்ணை வாங்கச் சொல்றாங்க, அது இதுக்கு ஆகுமா?

பீளமேடு_பிட் எழுதியது:

ஆர்எஸ்ஏ-4096 உதவாதுங்க. குவாண்டம் கணினில இந்த மாதிரி சாவிகளை உடைக்க ஷோர் 1994-ல கொடுத்த அல்காரிதத்துக்கு, சாவி நீளத்தை ரெண்டு மடங்காக்கினா வேலை சுமார் எட்டு மடங்குதான் கூடும். நாம சைன் பண்ணுற நேரமும் அதே அளவு கூடுறதால ஆதாயம் ஒண்ணுமில்லை. பி-256 இன்னும் மோசம்: 2017-ல வெளியான கணக்குப்படி அதை உடைக்க 2,330 லாஜிகல் க்யூபிட் (பிழை திருத்தின குவாண்டம் பிட்), ஆர்எஸ்ஏ-2048க்கு 4,098. அதாவது உங்க போர்டுல இருக்கிறதுதான் முதல்ல விழும். காலக்கணக்கும் சுருங்கிட்டே வருது. 2019-ல ஆராய்ச்சியாளர்கள் கிட்னியும் எக்கராவும் ஆர்எஸ்ஏ-2048க்கு 2 கோடி பிழையுள்ள க்யூபிட், 8 மணி நேரம்னு போட்டாங்க. 2025 மே மாசம் கிட்னியே அதை 10 லட்சத்துக்கும் கீழ, ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம்னு இறக்கினார். அந்த மெஷின் இன்னைக்கு யார்கிட்டயும் இல்லை. ஆனா பூட்லோடருக்குள்ள எழுதி, ரைட்-புரொடெக்ட் போட்டு அனுப்புற சாவியை 12 வருஷத்துக்கு நீங்க தொட முடியாது. சர்வர் இணைப்பைப் பாதுகாக்கிற டிஎல்எஸ்ஸை அடுத்த வருஷம் மாத்திக்கலாம், பூட்லோடரை மாத்த முடியாது. அதனால கேள்வித்தாள்ல அவங்க சரியான இடத்துல கை வச்சிருக்காங்க.

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினியைத் தாங்குற குறியாக்கத்துக்கு 2024 ஆகஸ்ட் 13 அன்னைக்கு மூணு தரம் வெளியிட்டது. ஃபிப்ஸ் 203 எம்எல்-கெம், இது சாவிப் பரிமாற்றத்துக்கு, ஃபர்ம்வேர் கையொப்பத்துக்கு சம்பந்தமில்லை. ஃபிப்ஸ் 204 எம்எல்-டிஎஸ்ஏ, ஃபிப்ஸ் 205 எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ ரெண்டும் கையொப்பம். இதுக்கு முன்னாடியே எஸ்பி 800-208-ங்கிற ஆவணத்துல, ஹாஷை (எந்தக் கோப்பையும் ஒரு சின்ன எண்ணாச் சுருக்குற கணக்கு) மட்டும் நம்புற எல்எம்எஸ், எக்ஸ்எம்எஸ்எஸ் கையொப்பம் ரெண்டையும் அனுமதிச்சிருந்தாங்க.

உங்க சிப்புக்கு அளவு பாருங்க.

எம்எல்-டிஎஸ்ஏ-44: பொதுச்சாவி (போர்டுல வச்சுச் சரிபார்க்கிற சாவி) 1,312 பைட், கையொப்பம் 2,420 பைட். சாதாரண நிரலாக்கம் சரிபார்க்கவே 30 கேபிக்கு மேல ரேம் கேட்கும், உங்க 20 கேபில ஏறவே ஏறாது. நினைவகத்தைச் சுருக்கின வடிவம் இருக்குது, சரிபார்ப்பை 3 கேபிக்குள்ள முடிச்சுக் காட்டியிருக்காங்க. ஆனா அதுக்குத் தேவையான ஷேக் ஹாஷ், என்டிடிங்கிற பெருக்கல் கணக்கு ரெண்டையும் 16 கேபி பூட்லோடருக்குள்ள திணிக்கணும்.

எல்எம்எஸ், மர உயரம் 10 (ஒருமுறைச் சாவிகளை இலைகளாக் கோர்த்த ஹாஷ் மரம்), டபிள்யூ 8 (ஹாஷ் சங்கிலி நீளத்தைத் தீர்மானிக்கிற அளவு): பொதுச்சாவி 56 பைட், கையொப்பம் 1,452 பைட். தேவை எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் மட்டும்தான், அது ஏற்கெனவே உங்க பூட்லோடர்ல இருக்கு. சரிபார்க்க சராசரியா 4,300 ஹாஷ். ஒவ்வொரு சங்கிலி ஹாஷுக்கும் உள்ளீடு சரியா 55 பைட், பேடிங்கோட சேர்த்து ஒரே 64 பைட் பிளாக்ல அடங்கும்படி வடிவமைச்சிருக்காங்க. 72 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு விநாடிக்குள்ள முடிஞ்சுரும்.

நான் எடுக்கச் சொல்றது எல்எம்எஸ். காரணம் அளவு மட்டும் இல்லீங்க. 2022-ல நிஸ்ட் போட்டில இருந்த ரெயின்போ கையொப்ப முறையை வார்டு பூலன்ஸ் ஒரு லேப்டாப்ல ஒரு வாரக் கடைசில உடைச்சார். அதே வருஷம் காஸ்ட்ரிக்கும் டெக்ரூவும் சைக்-ங்கிற (SIKE) இன்னொரு போட்டி முறையை ஒரே கோர்ல சுமார் ஒரு மணி நேரத்துல உடைச்சாங்க. எம்எல்-டிஎஸ்ஏ நம்புற லாட்டிஸ் கணிதம் அப்படி விழும்னு சொல்ல வரலை, அது நல்லாவே சோதிச்ச கணக்கு. ஆனா திரும்பத் தொட முடியாத பூட்லோடருக்கு, எஸ்ஹெச்ஏ-256 ஒண்ணை மட்டும் நம்புற கையொப்பம்தான் மனசுக்குச் சமாதானம்.

ஒரு விஷயம் அவசியம் மாத்தணும். கையொப்பம் கோப்போட கடைசில இருக்குன்னு சொன்னீங்க. எல்எம்எஸ்ல செய்தியை ஹாஷ் பண்ண ஆரம்பிக்கும்போதே கையொப்பத்துக்குள்ள இருக்கிற இலை எண்ணும் ரேண்டம் எண்ணும் வேணும். கடைசில வந்தா, இறங்க இறங்க ஹாஷ் போடுற முறை நின்னுபோகும். ஃபர்ம்வேரை நேரா சைன் பண்ணாதீங்க. பதிப்பு எண், போர்டு வகை, கோப்பு நீளம், கோப்போட எஸ்ஹெச்ஏ-256 நாலும் சேர்ந்த 64 பைட் மேனிஃபெஸ்ட் ஒண்ணு வச்சு, அதை மட்டும் சைன் பண்ணுங்க.

நொய்யல்_48 எழுதியது:

பீளமேடு அண்ணா சொன்ன அளவுகள் எல்லாம் சரி. எல்எம்எஸ் என்ற தேர்வில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

எல்எம்எஸ்ஸில் ஒவ்வொரு இலையும் ஒரே ஒரு கையொப்பத்துக்குத்தான். உயரம் 10 என்றால் 1,024 இலைகள். ஒரே இலையால் இரண்டு வெவ்வேறு கோப்புகள் சைன் ஆகிவிட்டால், அந்த இரண்டையும் வைத்து மூன்றாவதாக ஒரு போலிக் கையொப்பத்தை உருவாக்க வழி திறந்துவிடும். இதற்குக் குவாண்டம் கணினியே வேண்டாம், இன்றைய லேப்டாப் போதும். இது எப்படி நேரும்? ஹார்டு டிஸ்க் போனது என்று பழைய பேக்கப்பை மீட்கிறார்கள், இலை எண்ணும் பழைய எண்ணுக்குப் போய்விடும். விர்ச்சுவல் மெஷின் ஸ்னாப்ஷாட்டைத் திருப்பினாலும் அதே கதி. சாவிக் கோப்பை இரண்டு பேர் லேப்டாப்பில் நகல் வைத்தாலும் அதே கதி. அதனால்தான் எஸ்பி 800-208 சாவியை ஹெச்எஸ்எம் என்ற வன்பொருள் மாட்யூலுக்குள்ளேயே உருவாக்க வேண்டும், வெளியே எடுக்கவே கூடாது என்கிறது. அந்த வசதி உள்ள யூனிட் எல்எம்எஸ் எடுக்கட்டும். லேப்டாப்பில் சைன் செய்கிற சின்ன யூனிட்டுக்கு அது வேண்டாம் என்பேன்.

எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ எஸ்ஹெச்ஏ2-128எஸ் எடுங்கள். இதுவும் ஹாஷ் மட்டுமே நம்புவது, ஆனால் இலை எண் கணக்கு வைக்க வேண்டியதில்லை. ரகசியச் சாவி 64 பைட், பொதுச்சாவி 32 பைட். கையொப்பம் 7,856 பைட், அதைப் பார்த்ததும்தான் எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் ஸ்லாட் 56 கேபி, ஃபர்ம்வேர் 44 கேபி, மிச்சம் 12 கேபி இருக்கிறதே. இந்தச் சிப்பின் ஃப்ளாஷ் பக்கம் 1 கேபி, ஆக எட்டுப் பக்கத்தில் கையொப்பம் அடங்கும். ரேமுக்குள் மொத்தமாக ஏற்றத் தேவையில்லை, ஃப்ளாஷிலிருந்தே துண்டு துண்டாகப் படிக்கலாம். உள்ளே சேமிக்க வேண்டியவற்றில் பெரியவை 35 சங்கிலி முனைகள் 560 பைட், 14 மர வேர்கள் 224 பைட், அவ்வளவுதான். சரிபார்ப்புக்குச் சராசரியாக 2,100 ஹாஷ் அழைப்பு, டபிள்யூ 8 எல்எம்எஸ்ஸில் பாதி. 2ஜியில் கூடுதல் 8 கேபி இறங்கச் சில விநாடி ஆகும், தோட்டத்து மோட்டாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏயின் முந்தைய வடிவமான ஸ்ஃபிங்க்ஸ்-பிளஸ்ஸுக்கு இணையத்தில் கிடைக்கும் பழைய நிரலும் இறுதியான ஃபிப்ஸ் 205-உம் ஒன்றல்ல. இறுதித் தரத்தில் செய்திக்கு முன்னால் ஒரு பூஜ்ய பைட், அடுத்துச் சூழல் சரத்தின் நீளம், பிறகு அந்தச் சரம் சேர்கின்றன. கணினியில் புதிய லைப்ரரியால் சைன் செய்து, போர்டில் பழைய நிரலால் சரிபார்த்தால் எல்லாக் கையொப்பமும் தவறு என்றே வரும், பிழை எங்கே என்று கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும். நிஸ்ட்டின் சோதனை மாதிரிகளை முதலில் போர்டிலேயே ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாகத் தேறிய பிறகு, கையொப்பத்தில் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பிட்டை மாற்றி, ஒவ்வொன்றும் தோற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தேறுவதை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

ஒரே விதிவிலக்கு: வாங்குபவர் அமெரிக்கப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏயின் சிஎன்எஸ்ஏ 2.0 அல்காரிதப் பட்டியல்படி வேண்டும் என்றால் எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ அதில் இல்லை. அங்கே ஃபர்ம்வேருக்கு எல்எம்எஸ், எக்ஸ்எம்எஸ்எஸ், இல்லையென்றால் எம்எல்-டிஎஸ்ஏ-87. எந்தப் பட்டியல் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு நிரலில் கை வையுங்கள்.

பீளமேடு_பிட் எழுதியது:

ஹெச்எஸ்எம் இல்லாத இடத்துக்கு நொய்யல் சொல்றதுதான் சரி, ஒத்துக்கிறேன். 12 கேபி மிச்சம் இருக்கும்போது 8 கேபிக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

ரெண்டு சேர்க்கை. ஈசிடிஎஸ்ஏயை எடுத்துராதீங்க, ரெண்டும் இருக்கட்டும், ரெண்டும் தேறினாத்தான் பூட் ஆகணும். "இது அல்லது அது" என்று எழுதினா, பலவீனமானதை உடைச்சாப் போதும்னு ஆயிரும். அடுத்தது, கையொப்பத்தை ரேம் பஃபர்ல இருக்கும்போது சரிபார்க்காதீங்க. ஃப்ளாஷ்ல எழுதி முடிச்சு, திரும்பப் படிச்சுச் சரிபார்க்கணும். நம்ம பக்கம் மூணு பேஸ் கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது, பாதிப் பக்கம் எழுதும்போது நின்னுருக்கும். "இந்த ஸ்லாட் தயார்" கொடிதான் எல்லாத்துக்கும் கடைசியா எழுதப்படணும்.

இந்தச் சிப்புல வன்பொருள் ரேண்டம் எண் ஜெனரேட்டர் கிடையாது. சரிபார்ப்புக்கு ரேண்டமும் வேண்டாம், ரகசியமும் வேண்டாம், அதனால கையொப்பம் சோதிக்க இது தாராளமாப் போதும். போர்டுக்குள்ளயே சாவி உருவாக்குறது, எம்எல்-கெம் ஓட்டுறது மாதிரி யோசனை இருந்தா விட்டுருங்க.

பவானிக்கரை எழுதியது:

சர்வர் பக்கத்துக்கு நான் சொல்கிறேன்.

வெப் சர்வரில் டிஎல்எஸ்ஸைக் கையாளும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 3.5 பதிப்பு இருந்தால் போதும். 2025 ஏப்ரலில் வந்தது, நீண்ட காலப் பராமரிப்புப் பதிப்பு. பழைய எக்ஸ்25519-உம் புதிய எம்எல்-கெம்-768-உம் சேர்ந்த கலப்புச் சாவிப் பரிமாற்ற முறை அதில் இயல்பாகவே முதலில் நிற்கும். டெபியன் 13-இல் இது கிடைக்கிறது. உபுண்டு 24.04-இல் இருப்பது 3.0, அதில் வராது. பதிப்பை ஏற்றிய பிறகும் கலப்பு முறை வரவில்லை என்றால் இன்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். யாரோ எப்போதோ "பாதுகாப்புக்காக" வளைகோட்டுப் பட்டியலை எக்ஸ்25519, பி-256 என்று கையால் எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரி இயல்பு அமைப்பை மூடிவிடும். வரியை எடுத்துவிடுங்கள், அல்லது கலப்பு முறையின் பெயரை முன்னால் சேருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையால் இணைத்தால் எந்தச் சாவிப் பரிமாற்ற முறை ஒப்புக்கொள்ளப்பட்டது என்று காட்டும்.

இந்த முறையில் கிளையன்ட் அனுப்பும் சாவிப் பகுதி 1,216 பைட், பழைய முறையில் 32 பைட்தான். ஆகவே இணைப்பின் முதல் செய்தியான கிளையன்ட் ஹலோ 1,500 பைட்டைத் தாண்டி இரண்டு பாக்கெட்டாகப் பிரியும். முதல் பாக்கெட்டை மட்டும் படித்து முடிவெடுக்கும் பழைய ஃபயர்வால்கள் இதில் திணறும். அறிகுறி: குரோமில் பக்கம் சுழன்றுகொண்டே நிற்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அதே தளம் உடனே திறக்கும். ஃபயர்வாலின் மென்பொருளைப் புதுப்பிப்பதே தீர்வு. உலாவியில் கலப்பு முறையை அணைத்து வைத்தால் அது அப்படியே மறந்துபோகும்.

சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச்சுக்கு ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 10.0 எம்எல்-கெம் கலப்பை இயல்பாக எடுக்கிறது. 9.0 முதல் 9.9 வரை என்டிஆர்யூ பிரைம் கலப்பு இயல்பு, அதுவும் நல்லதே. டிஎல்எஸ் சான்றிதழை மட்டும் இப்போது தொட வேண்டாம். பொதுச் சான்றிதழ் நிறுவனங்களிடம் உலாவிகள் ஏற்கும் எம்எல்-டிஎஸ்ஏ சான்றிதழ் இன்னும் கிடைப்பதில்லை. இன்று பதிவு செய்த தரவை நாளை உடைப்பதுதான் இன்றைய ஆபத்து, அது சாவிப் பரிமாற்றத்தைச் சார்ந்தது. சான்றிதழை நாளை உடைத்து நேற்றைய இணைப்புக்குள் நுழைய முடியாது.

இப்போது போர்டுக்கும் சர்வருக்கும் நடுவே. 2ஜி மாட்யூலுக்குள்ளேயே இருக்கும் டிஎல்எஸ்ஸை நீங்கள் மாற்ற முடியாது, கலப்பு முறைக்கு டிஎல்எஸ் 1.3 வேண்டும். அதனால் போர்டுக்கு ஒன்றாக 256 பிட் சாவி வைத்து, செய்தியை நீங்களே ஏஇஎஸ்-சிசிஎம் குறியாக்கத்தில் மூடி அனுப்புங்கள். இரு முனையும் ஒரே சாவி வைக்கும் இந்தச் சமச்சீர் குறியாக்கத்துக்கு எதிராக இருப்பது குரோவர் அல்காரிதம், 256 பிட்டுக்கு அது பயமில்லை. சாவியை ஐஎம்இஐ எண்ணிலிருந்தோ சீரியல் எண்ணிலிருந்தோ நேராகச் செய்யாதீர்கள், அட்டைப்பெட்டியைப் படித்தவருக்கெல்லாம் தெரிந்துவிடும். தொழிற்சாலையிலேயே இருக்கும் ஒரு தலைமைச் சாவியோடு சீரியல் எண்ணை ஹெச்மேக்-எஸ்ஹெச்ஏ-256-இல் கொடுத்து, வருவதைப் போர்டில் எழுதுங்கள். எஃப்103-இன் ரீட்-அவுட் பாதுகாப்பை (சிப்பில் இருப்பதை வெளியே படிக்க விடாத பூட்டு) உடைக்கும் வழி வெளியாகிவிட்டது. ஒரு போர்டை உடைத்தால் அந்த ஒரு போர்டு மட்டும்தான் போக வேண்டும்.

சிசிஎம்மில் நான்ஸ் எண் (ஒவ்வொரு செய்தியோடும் சேரும் தனி எண்) திரும்ப வரவே கூடாது. ஒவ்வொரு செய்திக்கும் ஃப்ளாஷில் எழுதினால் பக்கம் தேய்ந்துவிடும், உத்தரவாதம் 10,000 முறைதான். 1,000 செய்திக்கு ஒருமுறை எல்லையை எழுதுங்கள். கரண்ட் போய் வந்தால் அடுத்த ஆயிரத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் சில எண்கள் வீணாவதில் நஷ்டம் இல்லை.

குவாண்டம் சாவிப் பரிமாற்றப் பெட்டி இதற்கு ஆகாது. இரு முனைக்கும் இடையே தனி ஃபைபரோ நேர்க்கோட்டு ஒளிப்பாதையோ வேண்டும், கிணற்று மேட்டில் இருக்கும் 2ஜி போர்டுக்கு அதற்கு வழியே இல்லை. எதிர்முனை யார் என்று உறுதி செய்ய அந்தப் பெட்டிக்கும் முன்பே பகிர்ந்த சாவியோ கையொப்பமோ தேவைப்படும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது எஸ்எம்எஸ். அனுப்புநர் எண்ணைப் பார்த்து நம்பும் போர்டாக இருந்தால், அந்த எண்ணைப் போலியாகக் காட்ட இன்றே முடியும். விவசாயி கையால் அடிக்கும் எஸ்எம்எஸ்ஸில் ஆன், ஆஃப், நிலை கேட்பது மட்டும் இருக்கட்டும். சர்வர் முகவரி மாற்றுவது, ஓடிஏ தொடங்குவது, அனுமதி எண் சேர்ப்பது எதுவும் எஸ்எம்எஸ்ஸில் நடக்கக் கூடாது.

குறிச்சி_போர்டு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வாங்குபவர்கிட்ட எந்தப் பட்டியல்னு கேட்டுருக்கேன். எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ 128எஸ், ஈசிடிஎஸ்ஏ ரெண்டும் சேர்த்துன்னு முடிவு. இன்னும் ரெண்டு சந்தேகம். ஏற்கெனவே தோட்டங்கள்ல ஓடுற போர்டுகள்ல பூட்லோடர் ரைட்-புரொடெக்ட் ஆகியிருக்கு, ஈசிடிஎஸ்ஏ மட்டும்தான் தெரியும். அதுகளுக்கு ஏதாச்சும் வழி உண்டுங்களா? சைன் பண்ணுற சாவியை எங்க வைக்கிறதுங்க?

நொய்யல்_48 எழுதியது:

பழைய போர்டுக்குப் பாதி வழி உண்டு, அந்தப் பாதியே பெரிது. ஓடிஏ கோப்பை வாங்கி ஸ்லாட்டில் எழுதுவது பூட்லோடரா, அப்ளிகேஷனா? பெரும்பாலும் அப்ளிகேஷன்தான். அப்படியென்றால் இன்றைய ஈசிடிஎஸ்ஏயால் சைன் செய்த ஒரு இடைப் பதிப்பை அனுப்புங்கள். அதற்குள் எஸ்எல்ஹெச் சரிபார்ப்பும் 32 பைட் பொதுச்சாவியும் இருக்கட்டும். அதன் பிறகு வரும் கோப்பில் எஸ்எல்ஹெச் கையொப்பம் இல்லையென்றாலோ தவறென்றாலோ, "தயார்" கொடியை அப்ளிகேஷன் எழுதக் கூடாது. நாளை யாராவது ஈசிடிஎஸ்ஏவை உடைத்துப் போலிக் கோப்பு அனுப்பினாலும் தொலைவிலிருந்து உள்ளே வர முடியாது. போர்டைக் கழற்றிக் கையில் வைத்திருப்பவரை இது தடுக்காது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். இடைப் பதிப்பு ஒரு ஸ்லாட்டில் ஏறியதும் மற்ற ஸ்லாட்டில் பழைய ஃபர்ம்வேர் அப்படியே கிடக்கும். வாட்ச்டாக் (நிரல் தொங்கினால் சிப்பை மறுதொடக்கம் செய்யும் டைமர்) இரண்டு மூன்று முறை அடித்தால் பூட்லோடர் அந்தப் பழையதற்குத் திரும்பிவிடும், அதற்கு எஸ்எல்ஹெச் தெரியாது. ஆகவே இடைப் பதிப்பு ஒழுங்காக ஓடி சர்வரோடு பேசியது உறுதியானதும், அதே பதிப்பை இரண்டாவது ஸ்லாட்டிலும் எழுதிவிட வேண்டும். முதலில் 20, 30 போர்டுக்கு அனுப்பி, ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புங்கள். ஈசிடிஎஸ்ஏ இன்னும் நம்பகமாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். அது உடைந்த பிறகு அனுப்பினால், இடைப் பதிப்பே உங்களுடையதுதானா என்று போர்டுக்குத் தெரிய வழியில்லை.

சாவிக்கு: நெட்வொர்க்கே காணாத ஒரு லேப்டாப், வைஃபை அட்டையைக் கழற்றியது. ரகசியச் சாவி 64 பைட்தான், பதினாறடிமான எண்களாக 128 எழுத்து. இரண்டு தாளில் அச்சிட்டு, தனித்தனி உறையில், ஒன்று யூனிட்டில், ஒன்று வங்கி லாக்கரில். பிரிண்டர் யுஎஸ்பியில் இணைந்ததாக இருக்கட்டும், வைஃபை பிரிண்டர் வேண்டாம். எஸ்எல்ஹெச் என்பதால் பேக்கப்பை மீட்டாலும் எந்தக் கணக்கும் கெடாது. ஒவ்வொரு முறை சைன் ஆனதும், வேறொரு லைப்ரரியால் எழுதிய சரிபார்ப்பானில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோப்பு வெளியே போக வேண்டும். கணக்கு நடுவில் ஒரு பிட் புரண்டு வந்த தவறான கையொப்பம் வெளியே போனால் அதுவும் சாவிக்கு ஆபத்து.

பீளமேடு_பிட் எழுதியது:

கேள்வித்தாளுக்குப் பதில் எழுதும்போது ஒரு அட்டவணை வச்சிருங்க: எந்த இடத்துல எந்த அல்காரிதம், சாவி அளவு, எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, மாத்த முடியுமா முடியாதா. இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2025 ஜூலைல கொடுத்த வழிகாட்டுதல்லயும் இந்த மாதிரி குறியாக்கப் பட்டியல் கேட்கிறாங்க, அதனால உள்ளூர் டெண்டருக்கும் அதே தாள் உதவும். ஐரோப்பாவுக்கு 2025 ஜூன் கால அட்டவணைப்படி அதிக ஆபத்துள்ள பயன்பாடு 2030-க்குள்ள குவாண்டம் தாங்கும் முறைக்கு மாறணும். அவங்க சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தோட முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11-ல இருந்து அமலுக்கு வருது. அது அல்காரிதம் பேர் எதையும் சொல்லலை, ஆனா பாதுகாப்பான புதுப்பிப்பு கட்டாயம். அடுத்த லாட் போர்டுக்கு 256 கேபி சிப் போட முடிஞ்சாப் போடுங்க. பூட்லோடருக்கு 32 கேபி ஒதுக்கி, ரெண்டாவது பொதுச்சாவிக்கு இப்பவே ஒரு காலி இடம் விட்டு வையுங்க. முதல் சாவி தொலைஞ்சா மாத்துச் சாவி அங்கதான் இருக்கணும். ரெண்டு சாவியையும் ஒரே லேப்டாப்ல வைக்காதீங்க.